பொருள்: மறு: டார் உதவிப்பக்கம் – "பாதை வடிகட்டி" வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

> கோப்புகளின் பெயரைப் பார்த்து விலக்கும் பகுதிக்குப் "பாதை வடிகட்டி" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். பேட்டர்ன் வரும் இடமெல்லாம் "வடிவம்". யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் ஏற்றிவிடலாம்.

ஆட்சேபம் இருக்கிறது தம்பி, இரண்டுக்குமே. பல கோப்புகளை ஒரே காப்பகமாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் கருவி டார்; அதன் உதவிப்பக்கத்தைத் தமிழாக்கும்போது சொல் குழப்பக் கூடாது.

"வடிவம்" சிறிய சங்கதி, அதை முதலில் முடித்துவிடுகிறேன். க்னூ டார் (டாரின் ஒரு பதிப்பு) பல காப்பக வடிவங்களை எழுதும்: யூஸ்டார், பாசிக்ஸ், க்னூ என்று. அந்த "வடிவம்" இதே பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. "வடிவத்துக்குப் பொருந்தும் கோப்பு" என்றால் எந்த வடிவம் என்று படிப்பவர் முழிப்பார். "தோரணி" என்று சிலர் எழுதுகிறார்கள், "பாங்கு" என்றும் பார்த்திருக்கிறேன். இரண்டும் மோசமில்லை. ஆனால் நம்மிடம் இதே வேலைக்கென்று பழைய சொல் ஒன்று இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

வாய்பாடு. யாப்பில் தேமா, புளிமா என்கிறோமே, அது. தேமா என்றால் மாமரம் இல்லை. நேர் நேர் என்று அசை பிரியும் எந்தச் சொல்லும் அதில் அடங்கும். சம்பா தேமா, குறுவை புளிமா, தாளடி கூவிளம். இலக்கணத்திலும் இதே கதைதான். "செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்" என்று சொன்னால் வந்து, உழுது, நட்டு எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஓர் அச்சை முன்னால் வைத்து, எதிரில் வரும் பெயர் அதில் உட்காருகிறதா என்று பார்ப்பது. "குறுவை" என்று தொடங்கும் எந்தப் பெயரும் அடங்கட்டும் என்று குறுவை* எழுதும்போது நாம் செய்வதும் அதே காரியம். ஆகவே "பாதை வாய்பாடு" என்பது என் முன்மொழிவு.

இனி வடிகட்டி. எனக்கு உண்மையான சண்டை இதோடுதான்.

வடிகட்டி என்றதும் எல்லாம் வந்து விழுந்து, அதில் வேண்டாதது தங்கி, வேண்டியது இறங்குகிற காட்சிதான் மனதில் வருகிறது. டார் அப்படி வேலை செய்வதில்லை. விலக்கச் சொன்ன வாய்பாடு ஓர் அடைவின் (கோப்புறையின்) பெயருக்குப் பொருந்திவிட்டால், டார் அந்த அடைவுக்குள் இறங்குவதே இல்லை. உள்ளே ஆயிரம் கோப்பு இருந்தாலும் ஒன்றைக்கூட அது தொட்டுப் பார்க்காது. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் (வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடம்) கோரையாற்றுப் பலகையை இறக்கிவிட்டால், கோரையாற்றில் பிரியும் ஒவ்வொரு வாய்க்காலிலும் போய் மடையை மூட வேண்டுமா என்ன?

இதன் விளைவு நடைமுறையில் உதைக்கும். பாசனதாரர் சங்கம் ஒன்றுக்காக மதகுப் படங்களை ஆறுவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன்: வெண்ணாறு/கோரையாறு/பழையவை என்கிற மாதிரி. "கோரையாறு முழுக்க வேண்டாம், அதற்குள் ஆய்வறிக்கை மட்டும் வேண்டும்" என்று கேட்டால் விலக்கு வாய்பாட்டால் ஆகாது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியில் சேர்க்கும் விதியைப் பின்னால் எழுதினாலும் பலிக்காது, மேல் அடைவு அதற்கு முன்பே அடைபட்டிருக்கும். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் புறக்கணிப்புப் பட்டியலிலும் அப்படியே. தாய் அடைவு விலக்கப்பட்டால் உள்ளே இருக்கும் கோப்பை மீட்க முடியாது. "வடிகட்டி" என்று படித்தவர், இன்னொரு வடிகட்டி போட்டால் வந்துவிடும் என்றுதான் நினைப்பார்.

எனவே செயலுக்கு "விலக்கல்", அடைவோடு சேர்த்து மொத்தமாக நிறுத்துவதற்குக் "கிளையடைப்பு".

இன்னொன்று. க்னூ டாரில் விலக்கும்போது உடுக்குறி (*) சாய்கோட்டையும் (/) தாண்டும். குறுவை*படம் என்று கொடுத்தால் குறுவை/பழையவை/படம் என்பதும் அடிபடும். பாதையின் நடுவில் எந்தச் சாய்கோட்டுக்குப் பிறகும் பொருந்தும். பிரித்தெடுக்கும்போது தலைகீழ்: உடுக்குறி வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும், பொருத்தமும் பாதையின் தொடக்கத்திலிருந்துதான். வைல்ட்கார்ட்ஸ் விருப்பத்தைச் சேர்த்தால்தான் உடுக்குறிக்கு உயிர் வரும். டாரின் இன்னொரு பதிப்பான பிஎஸ்டி டாரிலோ, அந்த விருப்பம் இல்லாமலே பிரித்தெடுக்கும்போதும் உயிர் வரும். இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பு மழுப்பக் கூடாது. தொடக்கத்தில் பொருந்துவதை, வாய்க்காலின் முதல் மடையை வைத்துத் "தலைமடைப் பொருத்தம்" எனலாமா? ஆங்கில மூலத்தில் இதற்கு "ஆங்கர்ட்" என்று நங்கூரம் பாய்ச்சியிருக்கிறார்கள். அதை அப்படியே இழுத்து வந்தால் நாகப்பட்டினத்தில்கூட யாருக்கும் விளங்காது.

கடைசியாக, வாய்பாட்டில் வரும் கேள்விக்குறி (?). வரைவில் "ஏதேனும் ஓர் எழுத்து" என்று இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரி, நமக்குப் பொய். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோடு முறையில் "கோ" இரண்டு குறியுருக்கள், அதாவது தனித்தனியே சேமிக்கும் இரண்டு அலகுகள்: க, பிறகு ஓகாரக் குறி. ஒற்றைக் கேள்விக்குறி அதற்குப் பொருந்தாது. ஓகாரக் குறியை ஏகாரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்துச் சேமித்திருந்தால் மூன்று. கண்ணுக்கு ஒரே "கோ", ஆனால் ஒரு வகையில் எழுதிய வாய்பாடு மற்ற வகையில் சேமித்த பெயரோடு ஒட்டாது. தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்கள்தான் இந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறார்கள். "ஏதேனும் ஒரு குறியுரு" என்று மாற்றுங்கள். எடுத்துக்காட்டும் தமிழ்ப் பெயராகவே இருக்கட்டும்.

– கும்பகோணத்திலிருந்து

*

> ஆகவே "பாதை வாய்பாடு" என்பது என் முன்மொழிவு.

அண்ணா, தேமா புளிமாவெல்லாம் சரி. நான் திருவாரூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். வாய்பாடு என்றால் அவர்கள் ஈரிரண்டு நாலு என்று ஆரம்பிப்பார்கள். மேல் வகுப்புக்குப் போனால் வேதியியலில் மூலக்கூறு வாய்பாடு. மூன்றாவதாக இதையும் அந்தச் சொல்லின் தலையில் ஏற்ற வேண்டுமா?

தலைமடை வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ராமநாதபுரத்தில் கண்மாயை நம்பியிருப்பவருக்கும், மட்டக்களப்பில் இருப்பவருக்கும் இது டெல்டாக்காரர்கள் தமக்குள் பேசிக்கொள்வதுபோல இருக்கும். உங்கள் கிளையடைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு ஆறு தெரிய வேண்டியதில்லை, மரம் தெரிந்தால் போதும்.

மேற்கோள்குறி பற்றி வரைவில் ஒரு வரியும் இல்லையே? வாய்பாட்டை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால், டார் பார்ப்பதற்கு முன்பே, நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல் உடுக்குறியைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். என் மாணவர்கள் முதலில் விழுவது அந்தக் குழியில்தான்.

*

> மூன்றாவதாக இதையும் அந்தச் சொல்லின் தலையில் ஏற்ற வேண்டுமா?

ஏற்றலாம் அம்மா. தனியாக வந்தால்தான் சிக்கல், அதனால்தான் "பாதை" என்ற முன்னொட்டோடு கேட்கிறேன். மூலக்கூறு வாய்பாட்டையும் பெருக்கல் வாய்பாட்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதில்லை, அடைமொழி காப்பாற்றுகிறது. பக்கம் முழுவதும் முன்னொட்டை விடாமல் எழுத வேண்டும் என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்வோம்.

தலைமடையைத் திரும்பப் பெறுகிறேன், அரைமனதோடு. "தொடக்கப் பொருத்தம்" போதும். மேற்கோள்குறி எச்சரிக்கை முதல் எடுத்துக்காட்டுக்கு மேலேயே வர வேண்டும். தம்பி, திருத்திய வரைவு இப்படி இருக்கட்டும்:

"பாதை வாய்பாட்டை மேற்கோள்குறிக்குள் எழுதுக. விலக்கு வாய்பாடு ஓர் அடைவின் பெயருக்குப் பொருந்தினால் கிளையடைப்பு நிகழும். அந்த அடைவும் அதன் உள்ளடக்கமும் காப்பகத்தில் சேரா. உடுக்குறி, சாய்கோடு உட்பட எத்தனை குறியுருவுக்கும் பொருந்தும். கேள்விக்குறி ஒரே ஒரு குறியுருவுக்குப் பொருந்தும்; தமிழ் உயிர்மெய் ஒன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குறியுருக்கள் இருக்கலாம்."

"சேரா" என்பது பிள்ளைகளுக்குக் கடினம் என்றால் "சேராது" என்று போட்டுக்கொள்ளுங்கள், இலக்கணத்துக்காக நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமல் பொருத்தும் விருப்பத்துக்கு இன்னும் சொல் அமையவில்லை. தமிழ்ப் பெயருக்கு அது தேவைப்படாது என்றாலும் பக்கத்தில் இருக்கிறதே. யாராவது எழுதுங்கள்.