முதலாளி செய்தியை அமுக்கச் சொல்கிறார், என்ன செய்வது?

காரைக்குடிப் பையன்:
சென்னையில் ஒரு பிஆர் ஏஜென்சியில் 2 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். இப்போது கானாடுகாத்தான் பக்கம், செட்டியார் வீட்டை ஹோட்டலாக மாற்றிய ஓர் இடத்தில் மக்கள் தொடர்பு வேலை. போன வாரம் அங்கே தங்கிய ஒரு குடும்பத்தில் நாலு பேருக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாந்தி, பேதி. மறுநாளே சரியாகிவிட்டது. எப்படியோ விஷயம் தெரிந்து ஒரு நிருபர் போன் செய்தார், நான் பதறிப்போய் "அப்படி எதுவும் நடக்கவில்லையே" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். முதலாளியோ "அவருக்குக் கவரில் பணம் கொடுத்து முடி" என்கிறார். எப்படிச் சமாளிப்பது? இந்த வேலை எனக்கு ஒத்துவருமா?

பழைய பிஆர்ஓ:
தம்பி, கவர் கொடுத்தால் இந்தச் செய்தி நிற்கலாம், ஆனால் அடுத்த முறை நீங்கள் ஒரு நல்ல செய்தியோடு போனாலும் அவர் கவரைத்தான் எதிர்பார்ப்பார், கொடுக்காவிட்டால் பழசைத் தோண்டுவார். அதைவிட அவசரம், நீங்கள் சொன்ன பொய். இன்றே கூப்பிட்டு, "நான் சொன்னது தவறு, நாலு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போனது உண்மை, காரணம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். காரணம் தெரியும் முன்பே மீன்காரர், பால்காரர் என்று யார் மேலும் பழி போடாதீர்கள், தயவுசெய்து. 1906இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் பென்சில்வேனியா கம்பெனியின் ரயில் கவிழ்ந்தபோது, அந்தக் கம்பெனிக்கு மக்கள் தொடர்பு பார்த்த ஐவி லீ என்பவர் விஷயத்தை மூடாமல் நிருபர்களைச் சம்பவ இடத்துக்கே வரவழைத்தார். பத்திரிகைகளுக்கு நாமே செய்தி எழுதிக் கொடுக்கும் பிரஸ் நோட் என்ற பழக்கமே அங்கிருந்துதான் வந்தது என்பார்கள்.

ஆத்தங்குடி அக்கா:
முதலாளியிடம் ஐவி லீ கதையெல்லாம் எடுபடாது, கணக்குப் பேசுங்கள். 1982இல் சிகாகோவில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் 3 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பெரிய நஷ்டம்தான், ஆனாலும் விட்ட சந்தையைச் சீக்கிரமே மீட்டார்கள்.

இன்னொன்று, பேசும் முன்பு நீங்களே சமையல்கட்டுக்குள் போய்ப் பாருங்கள். அன்று என்ன சமைத்தார்கள், எத்தனை மணிக்கு இறக்கினார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, எல்லாம் எழுதி வையுங்கள். நான் பட்ட அனுபவம் இது. ஒரு முறை எங்கள் ஊர்த் தரை ஓடுகளைப் பற்றிப் பிரஸ் நோட்டில் "சூளையில் சுட்ட ஆத்தங்குடிக் கல்" என்று அழகாக எழுதிவிட்டேன். வந்த நிருபர் "சூளை எங்கே?" என்று கேட்டார். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுவதுதான் வேலை, நெருப்புக்கு அங்கே இடமே இல்லை! கல் செய்கிற பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. இந்த ஊரில் வாழ்ந்துகொண்டு, இதுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

காரைக்குடிப் பையன்:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நிருபர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "காரணம் தெரிந்ததும் நீங்களே சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டார். சமையல்கட்டில் கேட்டால் காலையில் அரைத்த தேங்காய் மசாலா மதியம் வரை வெளியிலேயே இருந்திருக்கிறது, அதுதானா என்று உறுதியாகத் தெரியவில்லை. கவர் கொடுக்கவில்லை. முதலாளி ரெண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.