பாகப்பத்திரத்துல "அ மா"ன்னு இருக்கு, அம்மாவுக்குப் போன பங்கா?

தோபாயோபையன்:
வணக்கம். அப்பா தவறி வீட்ட காலி பண்றப்ப அவரோட டிரங்குப்பெட்டி அடியில ஒரு பழைய பத்திரம் கிடைச்சுது, நாலா மடிச்சு மடிச்ச எடமெல்லாம் ஓட்டை, மேல விக்டோரியா ராணி தலை போட்ட முத்திரை, பின்னாடி ரிஜிஸ்டர் ஆபீஸ் சீல். மன்னார்குடி பக்கம் எங்க கொள்ளுத்தாத்தாவும் அவரோட ரெண்டு அண்ணன்மாரும் பண்ணிக்கிட்ட பாகப்பிரிவினை. கொள்ளுத்தாத்தா அப்பவே சிங்கப்பூர்ல இருந்திருக்காரு, "அவன் வருமட்டும் மூத்தவன் கிஸ்தி கட்டிப் பார்த்து வரவேண்டியது"ன்னு ஒரு வரி இருக்கு (கிஸ்தின்னா நில வரி). தேதி "விளம்பி வருஷம் தை மாசம்"னு மட்டும்தான் தெரியுது.

எனக்கு குழப்பம் என்னன்னா மூணு பேர் பேருக்கு நேரையும் "அ மா"ன்னு எழுதிருக்கு. அம்மாவுக்கு விட்டுக் குடுத்ததா? அவங்க தங்கச்சிக்கு மட்டும் "க மா மஞ்சக்காணி"ன்னு இருக்கு. பெரியப்பா சொல்றாரு, கப்பல் ஏறிட்டா சாதிய விட்டுத் தள்ளிருவாங்க, பாகமும் போயிரும்னு. அப்ப எதுக்கு பேரு இருக்கு? குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இப்பவே ஆளாளுக்கு நிலத்துக்கு கணக்கு போட ஆரம்பிச்சுட்டாங்க.

கணக்குப்பிள்ளைபேரன்:
தம்பி, அது அம்மாவும் இல்ல ஆத்தாவும் இல்ல :) அது தமிழ் எண். எட்டுக்கு நம்ம பழைய எழுத்து பாக்க அப்படியே "அ" மாதிரிதான் இருக்கும், ஒண்ணு "க" மாதிரி, ரெண்டு "உ" மாதிரி. மாங்கறது நில அளவு, ஆக ஒவ்வொருத்தருக்கும் எட்டு மா, தங்கச்சிக்கு ஒரு மா. மாமரம்னும் நெனச்சுறாதீங்க, என் மச்சான் அப்படி நெனச்சு ஊர்ல போய் மரத்த எண்ணினான். தஞ்சாவூர் பக்கம் ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி, இன்னைய கணக்குல ஒரு மா சுமார் 33 செண்ட். எட்டு மான்னா ரெண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. மொத்தமே 25 மா, அதாவது ஒரு வேலி அஞ்சு மா, அந்தக் காலத்துக்கு பெரிய பண்ணையும் இல்ல, கஞ்சிக்கு அல்லாடுற குடும்பமும் இல்ல.

விளம்பி 60 வருஷத்துக்கு ஒருதரம் திரும்பி வரும், ராணி தலையும் ரிஜிஸ்டர் சீலும் இருக்கறதால இது 1898-99, தை மாசம்னா 1899 ஆரம்பம். எங்கயாவது "பசலி 1308"ன்னு இருக்கான்னு பாருங்க, பசலின்னா பழைய நிலவரி வருஷம், அதோட 590 கூட்டினா அது ஆரம்பிச்ச இங்கிலீஷ் வருஷம் வந்துரும்.

மஞ்சக்காணின்னா பொண்ணுக்கு கல்யாணத்துல மஞ்சள் குங்குமத்துக்குன்னு குடுக்கற நிலம், சீதனம். இங்க "காணி" அளவு இல்ல, அத செங்கல்பட்டுக் காணியோட (அது ஒண்ணே கால் ஏக்கருக்கு மேல) சேத்துக் குழப்பிக்காதீங்க. பிதுரார்ஜிதத்துல, அதாவது பரம்பரைச் சொத்துல, பொண்ணுக்கு பொறப்பால பாகம்ங்கறது தமிழ்நாட்டுல 1989லதான் வந்துது, அதுவும் அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு கிடையாது, அப்புறம் 2005ல இந்தியா முழுக்க. அதனால அந்தப் பாட்டிக்கு ஒரு மா எழுதி வச்சதே பெருசு.

பெரியப்பா சொல்றது ஊர்ப்பேச்சு. சாதிய விட்டுத் தள்ளினாலும் சொத்துரிமை போகாதுன்னு 1850லயே சட்டம் வந்துருச்சு. அண்ணன்மார் அத தெரிஞ்சு எழுதினாங்களோ இல்ல தம்பி அனுப்பின பணத்துலதான் கிஸ்தியே கட்டினாங்களோ யார் கண்டா.

ஜாலான்புசார்_லாத்தா:
இடையில பூந்து பேசறேன், நாங்க கடையநல்லூர்க்காரங்க. எங்க வாப்பா மவுத்தானப்ப ஃபராயிஸ் கணக்குதான், அதாவது இஸ்லாமிய வாரிசுப் பங்குக் கணக்கு, ஆணுக்கு ரெண்டு பங்குன்னா பொண்ணுக்கு ஒண்ணு, புள்ள இருந்தா பொண்டாட்டிக்கு எட்டுல ஒண்ணு. பாதிதானேன்னு சின்ன வயசுல நான் சண்டை போட்டிருக்கேன், இந்த பத்திரத்த பாத்தா 25ல ஒரு மா! உம்மா எட்டுல ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, "எனக்கு அரைக்கால்"னுதான் சொல்லுவாங்க, அதுவும் பழைய தமிழ்க் கணக்குதான்னு இப்பதான் ஒறைக்குது.

யீஷூன்_மாமா:
குரூப்ல கணக்கு போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. நானும் இப்படி ஒரு பேப்பர தூக்கிட்டு 2011ல ஊருக்கு போனவன்தான். பத்திரத்துல இருக்கறது பைமாஷ் நம்பர், அதாவது பழைய நில அளவை நம்பர், இப்ப பட்டால இருக்கறது வேற நம்பர், ரெண்டையும் பொருத்தவே பத்து நாள் ஆச்சு, அதுக்குள்ள லீவு முடிஞ்சுது. நடுவுல எத்தனை கிரயம், எத்தனை அடமானம், 80கள்ல பட்டாவெல்லாம் புதுசா மாத்தினப்ப யார் பேர் ஏறிச்சோ. உங்க கேஸே வேற, பாகம் 1899லயே பிரிஞ்சாச்சு, கூட்டு சொத்து இல்ல, உங்க எட்டு மாவ நூறு வருஷத்துக்கு மேல இன்னொருத்தர் தன் நிலமா உழுதுட்டு இருந்தா என்னன்னு ஊர் வக்கீல்கிட்டதான் கேக்கணும், நான் கேட்டவர் சிரிச்சுட்டு காப்பி வாங்கிக் குடுத்தாரு. டிக்கெட்டு செலவுதான் மிச்சம். ஆனா பெரிய அண்ணன் வழிப் பேரன் வீட்டுல சாப்பிட்ட அந்த மீன் கொழம்புக்காக இன்னொருதரம் போவேன்.

தோபாயோபையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எட்டு மான்னு தெரிஞ்சதும் அம்மாகிட்ட சொன்னேன், "எனக்கு ஒண்ணும் இல்லையா"ன்னு சிரிக்கிறாங்க. பசலி 1308 இருக்கு, கணக்குப்பிள்ளைபேரன் அண்ணே நீங்க ஜோசியரா?
எண்ணு தெரிஞ்சப்புறம் மத்த பக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். வீட்டுல கூடமும் தெருவாசப்படியும் பொது, கெணத்துல மொறை வச்சு எறைக்கணும், வெங்கலப்பானை "உ", குத்துவெளக்கு "க", ஒரு எருமை கூட பங்குல வருது. அதுக்கு கீழ "பண்ணையாள் உ, கடன்சீட்டு உள்பட மூத்தவன் பாகம்"னு இருக்கு. இது என்ன?

கணக்குப்பிள்ளைபேரன்:
ரெண்டு ஆள். பண்ணையில வேலை செஞ்சவங்க வாங்கின கடனுக்கு எழுதின சீட்டு, அது யார் பாகத்துக்கு போகுதோ அந்த வீட்டுலதான் அவங்க வேலை செய்யணும். அமெரிக்காவுல தெக்குப் பக்கம் 1865க்கு முன்னாடி பண்ணைக்காரன் செத்தா அடிமைங்களுக்கு தலைக்கு இவ்வளவுன்னு வெலை போட்டு, சீட்டுக் குலுக்கி புள்ளைங்க பிரிச்சுப்பாங்க. நம்ம ஊர்லயும் நிலத்தோட சேத்து ஆள வித்த ஓலை உண்டு. 1843ல கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சட்டம் போட்டு ஆள் மேல சொத்துன்னு கோர்ட்டுக்கு வரக்கூடாதுன்னுச்சு. அப்புறம் ஆளுக்கு பதிலா கடன்சீட்ட எழுதினாங்க. பேர் இருக்கா?

தோபாயோபையன்:
இருக்கு. எங்க ஆளுங்களுக்கெல்லாம் அப்பா பேரு, பாட்டன் பேரு, ஊருன்னு ரெண்டு வரி. இவங்க ரெண்டு பேருக்கும் வெறும் பேரு மட்டும்தான், எருமைக்கு அடுத்த வரியில. ஒண்ணு படிக்க முடியுது. இன்னொண்ணு சரியா மடிப்பு ஓட்டையில போயிருச்சு.