வேலையை விட்டவரின் கணக்கை நீக்கினேன், பொது ஃபோல்டரையே காணோம்

அரைகுறை அட்மின்:
வணக்கம். நாங்கள் 14 பேர், அலுவலக மின்னஞ்சலுக்கும் கோப்புகளை வைக்கும் ‘டிரைவ்’வுக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் பயன்படுத்துகிறோம். கம்ப்யூட்டர் வேலைக்குத் தனி ஆள் கிடையாது, கணக்கெழுதும் நானே இதையும் பார்க்கிறேன். வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை 12 நாள் முன்பு நீக்கினேன். கோப்புகளை யாருக்கு மாற்றுவது என்று நடுவில் கேட்டது. அவசரத்தில் தாண்டிவிட்டேன். இன்று ‘ஒப்பந்தங்கள்’ ஃபோல்டரைத் தேடினால் யாருக்கும் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் வேறொருவர் போட்டு வைத்த வரைவுகள் மட்டும் அவர் தேடும்போது வருகின்றன. ஆனால் எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லை. எல்லாம் போய்விட்டதா?

பழைய பூட்டு:
போகவில்லை, ஆனால் நாள் எண்ண வேண்டிய நேரம். நீக்கிய கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம், உங்களுக்கு 8 நாள் மிச்சம். அட்மின் பக்கத்தில் பயனர் பட்டியலை ‘சமீபத்தில் நீக்கியவர்கள்’ என்று வடிகட்டி, அவரை மீட்டெடுங்கள். கோப்புகள் வந்து சேர ஒரு நாள்வரை ஆகலாம், பதற வேண்டாம். பிறகு அட்மின் பக்கத்தின் டிரைவ் அமைப்பில் உரிமையை வேறொருவருக்கு மாற்றுங்கள். அதற்கு முன்னால் மறுபடி நீக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அரைகுறை அட்மின்:
மீட்கும் வழியே எனக்குக் காட்டவில்லையே!

பழைய பூட்டு:
நீங்கள் சூப்பர் அட்மினா, அதாவது எல்லா அனுமதியும் உள்ள அட்மினா? பயனர்களைச் சேர்க்க, நீக்க மட்டும் அனுமதி உள்ள அட்மினால் இது முடியாது.

அரைகுறை அட்மின்:
அட, சூப்பர் அட்மின் எங்கள் முதலாளி. அவருக்கே அது நினைவில்லை. கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நடுநிசி:
அந்த வரைவுகள் ஏன் தப்பின என்றால், ‘மை டிரைவ்’ என்பது அவரவர் சொந்த இடம், அதிலுள்ள ஃபோல்டரை எத்தனை பேரோடு பகிர்ந்தாலும் அது ஒருவருடைய சொத்துதான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும், யார் உருவாக்கினாரோ அவரே உரிமையாளர். ஃபோல்டர் போனதும் மற்றவர்களின் கோப்புகள் அநாதையாக நிற்கின்றன. எல்லோரையும் தேடலில் உரிமையாளர் ‘நான்’ என்று வடிகட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், இன்னும் சில அகப்படும்.

மீட்டதும் முதல் வேலையாக ‘ஷேர்டு டிரைவ்’ ஒன்றைத் தொடங்கி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோங்கள். அதில் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் அசையாது. பெரும்பாலானோருக்குக் ‘கான்ட்ரிபியூட்டர்’ என்ற அனுமதி நிலை போதும்: சேர்க்கலாம், திருத்தலாம், ஆனால் நீக்கவோ இடம் மாற்றவோ முடியாது. எல்லோரையும் முழு அனுமதி உள்ள ‘மேனேஜர்’ ஆக்கும் ஆசை வரும், வேண்டாம். 14 பேரைத் தனித்தனியாகச் சேர்க்காமல் எல்லோருக்கும் பொதுவான ஒரு மின்னஞ்சல் குழு முகவரிக்கு அனுமதி கொடுத்தால், புது ஆள் வரும்போது குழுவில் சேர்த்தாலே போதும்.

பழைய பூட்டு:
அப்புறம், அடுத்த முறை யாராவது விலகினால் உடனே நீக்காமல் இடைநிறுத்தி வையுங்கள். அவரால் உள்ளே வர முடியாது, அவர் பகிர்ந்தவை மற்றவர்களுக்குத் திறக்கும். லைசென்ஸ் கட்டணம் ஓடும் என்று முதலாளி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

அரைகுறை அட்மின்:
கடவுச்சொல் ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நேற்று மீட்டோம், இன்று காலை உரிமையை மாற்றினேன். பழையவரின் மின்னஞ்சல் முகவரியையே பெயராகக் கொண்டு என் டிரைவில் ஒரு ஃபோல்டர் வந்திருக்கிறது, ஒப்பந்தங்கள் உள்ளே பத்திரம். இருவருக்கும் நன்றி. குழு முகவரி உருவாக்கப் போகிறேன், மாட்டிக்கொண்டால் மறுபடி வருவேன்.