புதுப்பிப்பு: ஐஸ்கஸி ஸ்டோரேஜில் போஸ்ட்கிரெஸ் கமிட் தாமதம் – காரணம் தெரிந்தது

ஃபியோ (டிஸ்க் வேகத்தை அளக்கும் கருவி) சோதனையில் ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடிகிறது என்ற கணக்கு) அள்ளிக் கொடுக்கும் ஐஸ்கஸி ஸ்டோரேஜ், அதாவது நெட்வொர்க் வழியாக இணைத்த டிஸ்க், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கமிட் (மாற்றத்தை நிரந்தரமாகப் பதிவது) செய்யும்போது மட்டும் ஏன் இழுக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஃபியோவில் கியூ டெப்த்தை (ஒரே நேரத்தில் அனுப்பி வைக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை) 32-லிருந்து 1-க்கு இறக்கி, 8 கேபி பிளாக்கில், ஒவ்வொரு முறை எழுதும்போதும் எஃப்டேட்டாசிங்க் (டேட்டா டிஸ்க்கில் பதிந்துவிட்டதா என்று உறுதிசெய்யும் அழைப்பு) வைத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் வழிகாட்டியது. கமிட் அப்படித்தான் நடக்கிறது: டபிள்யூஏஎல் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) எழுதி முடிந்தது என்று பதில் வரும்வரை அந்த இணைப்பு காத்து நிற்கும். ஒரு முறை எழுத 1 மில்லிசெகண்ட் ஆனால், ஒரு இணைப்பால் நொடிக்கு 1000 கமிட்டைத் தாண்டவே முடியாது. மொத்த ஐஓபிஎஸ் எவ்வளவு இருந்தாலும் இதற்கு உதவாது.

எதிர்பாராதது சர்வர் பக்கம் இருந்தது. சுமை குறைவானபோது சிபியு ஆழ்ந்த சி-ஸ்டேட்டுக்கு (மின்சாரம் மிச்சப்படுத்தும் தூக்க நிலை) போய்விடுகிறது; பதில் வந்ததும் விழித்தெழ நேரமாகிறது. 32 டெப்த்தில் அது தூங்கவே இல்லை, அதனால் கண்ணில் படவில்லை. ட்யூன்ட்-இல் (லினக்ஸ் சர்வரின் செயல்திறன் அமைப்புகளை மாற்றும் கருவி) நெட்வொர்க்-லேட்டன்சி புரொஃபைலுக்கு மாற்றியதும் தாமதம் நன்றாகவே குறைந்தது. மிச்சம் இருப்பது நெட்வொர்க்கில் போய்வரும் நேரம்.

எம்டியூவை (ஒரு நெட்வொர்க் பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 பைட் ஆக்கியதில் கமிட்டுக்குச் சொல்லும்படி பலன் இல்லை. அப்புறம், சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். 99-ஆவது பெர்சன்டைலையும் (நூற்றில் 99 கமிட் எந்த நேரத்துக்குள் முடிகிறது என்பது) பாருங்கள்.