46 வயதில் பைத்தான் ஏறவில்லை, விட்டுவிடலாமா?

துவாஸ்வாசி:
துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சித் திட்டத்தில் 4,000 வெள்ளி (டாலர்) போட்டார்கள் இல்லையா, அதை வைத்து டேட்டா அனலிடிக்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். ஏன் என்றால் மச்சான் சேர்ந்தான், அவ்வளவுதான். வாரம் இரண்டு இரவு, வேலை முடித்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே தூங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், எக்செல் வரை ஓடுகிறது, பைத்தான் என்ற கணினி நிரல்மொழி வந்ததும் தலை நின்றுவிடுகிறது. தேர்வில் இரண்டு தடவை தேறவில்லை. வீட்டில் "பழகப் பழக வரும்" என்கிறார்கள். மூன்றாவது தடவையும் முட்டுவதா, நமக்கு இவ்வளவுதான் என்று விடுவதா?

கோப்பி_ஓ:
அண்ணே, நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு ராத்திரி படித்தால் யாருக்கும் ஏறாது. அது அசதி, அதை வைத்து வராது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரம் லீவு போட்டு, காலையில் தெளிந்த தலையோடு உட்கார்ந்து பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பேசலாம்.

ஈசூன்_அக்கா:
லீவை வேறு இதில் கரைக்கணுமா? என் மகன் 2024ல் உயர்நிலை ஒன்றுக்குப் போனான், அந்த ஆண்டிலிருந்துதான் பழைய பிரிவுகள் போய் பாடவாரியாக நிலை வந்தது. அவனுக்குக் கணிதம் நடு நிலையான ஜி2, தமிழ் மேல் நிலையான ஜி3. ஆரம்பத்தில் நான் அழுதேன், அவன் ஜாலியாகப் போனான். பிள்ளைக்குச் சரி என்று ஒத்துக்கொண்டதை நமக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறோம். அது இருக்கட்டும், பட்டறையில் எதற்குத் தம்பி உங்களைத் தேடி வருகிறார்கள்?

துவாஸ்வாசி:
காலை டூல்பாக்ஸ் மீட்டிங்குக்கு, அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சுக்கு. ஊரிலிருந்து புதிதாக வரும் பையன்களுக்குத் தமிழில் சொல்வேன்: கப்பலின் மூடிய டேங்க்குக்குள் இறங்கும் முன் ஏன் காற்றைச் சோதிக்கிறோம், உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தால் நீ ஏன் பாய்ந்து இறங்கக் கூடாது என்று. மற்ற ஷிஃப்டுக்காரர்களும் கூப்பிடுவார்கள். ஆனால் அதெல்லாம் ஒரு திறமையா அக்கா, வெறும் வாய்தானே.

பழைய_பயிற்றுநர்:
வெறும் வாயா? காப்பாற்றப் பின்னாலேயே இறங்கியவனும் சேர்ந்து சாவதுதான் இந்த வேலையில் பெரிய கொடுமை, அதைப் பையன் மனதில் பதிய வைப்பது எல்லாருக்கும் வராது. உங்களுக்குச் சுலபமாக வருகிறது என்பதால் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறீர்கள். பயிற்றுநர் ஆக ஏசிஎல்பி என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது, விசாரியுங்கள். ஆங்கிலத்தில் எழுத்து வேலை உண்டு, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மீதிப் பணம் காலாவதி ஆகாது, ஆனால் குறிப்பிட்ட கோர்ஸ்களுக்கு மட்டும்தான், கட்டும் முன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். எக்செல்லை மட்டும் விடாதீர்கள், அறிக்கை எழுத உதவும்.

கோப்பி_ஓ:
சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். லீவுக்கு ஊருக்குப் போய் வாங்க அண்ணே.

துவாஸ்வாசி:
ஆங்கிலம் தட்டுத்தடுமாறி எழுதிவிடுவேன். பைத்தானை விட்டதை மச்சானிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது கவலை, அவன் பாஸ் ஆகிவிட்டான்.