கலைச்சொல் வேண்டுகை: லூஸ் கான்டாக்ட் அல்லாத ஒரு தொடர்புக் கோளாறு

அடையாறு

அன்புடையீர், வணக்கம்.

மின்மிதிவண்டி பழுதுநீக்கக் கையேட்டில் மின்னிணைப்பு இயல் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. கோளாறை விவரிக்கிறேன், பெயரை நீங்கள் சொல்லுங்கள்.

லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்து ஒரு நொடியில் மறுபடி எரியும். அல்லது மிதிக்கும்போது மோட்டார் உதவி அறுந்துபோய் ஏதோ ஒரு பிழை எண் வரும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றும் இராது. மெக்கானிக் ஒயர் இணைப்பிகளான கப்ளர்களைக் கழற்றி மாட்டி, "லூஸ் கான்டாக்ட், சரியாயிடுச்சு" என்பார். உண்மையிலேயே சரியாகியும் இருக்கும். சில வாரங்களில் மீண்டும் வரும்.

அங்கே எதுவும் தளர்ந்திருக்கவில்லை. இணைப்பியின் ஆண்முனையும் பெண்முனையும் இறுக்கமாகவே இருக்கின்றன. ஆனால் ஓட்டத்தில் ஒன்றன்மீது ஒன்று சில பத்து மைக்ரான் அளவுக்கு இழைகின்றன. தலைமுடியின் தடிமன்கூட வராத நகர்வு. முனைகளின் வெள்ளீயப் பூச்சு ஒவ்வோர் இழைவிலும் சுரண்டப்பட்டு, வெளிப்பட்ட புது வெள்ளீயம் உடனே ஆக்சைடாகிறது. அந்த ஆக்சைடு கடினமானது, மின்னோட்டத்தைக் கடத்தாதது. இழைவின் வீச்சு மிகச் சிறியதாகையால் தூள் வெளியே தள்ளப்படாமல் தொடும் இடத்திலேயே சேர்கிறது. கழற்றி மாட்டும்போது முனை சில மில்லிமீட்டர் தூரம் உரசிச் செல்வதால் தூள் விலகி, தற்காலிகக் குணம் கிடைக்கிறது.

இதற்கு ஒரு சொல் வேண்டும். கூடவே, முனைகள் தொடும் இடத்தில் மின்னோட்டத்துக்கு எழும் தடையான 'கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ்' என்பதற்கும். 'மின்தடை' என்றால் செய்தித்தாளில் கரண்ட் கட் என்றாகிவிட்டது. 'தொடுதடை' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

வேளச்சேரி, பட்டறை

வணக்கம் சார். தொடுதடை நல்லா இருக்கு, படிச்சதும் புரியுது.

மற்றதுக்கு 'அதிர்வரிப்பு' என்று வைக்கலாமே? பேவர் பிளாக் சாலையிலும், மெட்ரோ வேலைக்காக வெட்டி மூடிய சாலையிலும் தினமும் ஓடுகிற வண்டிகளில்தான் இது அதிகம்.

ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்லணும். எங்கள் பக்கம் மழைக்குத் தண்ணீர் தேங்கும். அதில் ஓட்டிய வண்டியிலும், பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலோரத்தில் நிற்கிற வண்டியிலும் கப்ளரைத் திறந்தால் பச்சை பூத்திருக்கும். அது வேறு கோளாறு. கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் வந்த வழியும் தெரியும். சீல் கிழிந்திருக்கும், அல்லது ஒயர் மேலிருந்து நேராகக் கப்ளருக்குள் இறங்கியிருக்கும். ஒயர் கப்ளருக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏறி வந்தால் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். தண்ணீர் புகாத தரம் 'ஐ.பி. 67' என்று எழுதியிருக்கே என்பார்கள். அது 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் முக்கிப் பார்க்கிற சோதனை. உப்புக்காற்றுக்கும், பிரஷர் வாட்டர் வாஷுக்கும், மூன்று வருடம் வெயிலில் காய்ந்த ரப்பருக்கும் அந்த எண் பொறுப்பாகாது.

நீங்கள் சொல்கிற கோளாறில் பச்சை இருக்காது. பளபளப்பான பின்னில் தொடுகிற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வந்துவிடக் கூடாது.

மயிலாப்பூர்

அன்பர்களுக்கு வணக்கம்.

தொடுதடை வினைத்தொகை. தொட்ட, தொடுகின்ற, தொடும் என முக்காலத்துக்கும் பொருந்தும். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக்குப் பழஞ்சொல் நம்மிடமே உண்டு. செம்பில் ஏறுவதைக் களிம்பு என்றுதான் சைவ நூல்கள் முதல் பாத்திரக் கடைவரை சொல்லிவந்திருக்கிறோம். அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: 10ஆம் வகுப்புப் பாடநூலில் உலோகம் கெடுவதற்கு 'அரிமானம்' என்றே இருக்கிறது. மாணவர்களுக்குத் தெரிந்த சொல்லோடு ஒட்டிப்போவதே முறை என்பதால் 'அதிர்வரிமானம்' எனலாம். 'அரிப்பு' என்று தேடினால் தோல் மருத்துவம்தான் முதலில் வருகிறது.

வேளச்சேரி, பட்டறை

ஐயா, களிம்பு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பையன்களுக்குக் களிம்பு என்றால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தடவுகிற ஆயின்ட்மென்ட். கப்ளருக்குள் நாங்கள் தடவுகிற கான்டாக்ட் கிரீஸையும் யாராவது தமிழில் எழுதினால் களிம்பு என்றுதான் எழுதுவார்கள். "களிம்பைத் துடைத்துவிட்டுக் களிம்பு தடவவும்" என்று கையேட்டில் வந்தால் வேலை கெட்டுப்போகும். பட்டறையில் 'பச்சை பிடிச்சிருக்கு' என்கிறோம். 'பச்சைப் படிவு' போதும்.

அம்பத்தூர், இணைப்பி வடிவமைப்பு

வணக்கம். 'அதிர்வு' என்ற சொல்லை முன்னே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுத்தி வைத்த வண்டியிலும் இது வளரும். மே மாத வெயிலில் கறுப்புச் சட்டத்துக்குள் இருக்கும் இணைப்பி நன்றாகச் சூடாகும், இரவில் ஆறும். செம்பும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவில் விரிவதில்லை, அந்த வேறுபாடே முனைகளை இழைக்கப் போதும். மின்னோட்டம் ஏறி இறங்கும்போது வரும் சூடும் அப்படித்தான். அதிர்வு ஒரு காரணம் மட்டுமே. பெயரில் அதை வைத்தால், நல்ல சாலையில் ஓடும் வண்டிக்கு இது வராது என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர் இழைகள் அதிர்வால் முறிவதும் தனிக் கோளாறு. அதனோடும் இது குழம்பும். எல்லாக் காரணங்களுக்கும் பொதுவாக நிற்பது அசைவு. ஆகவே 'அசைவரிப்பு'.

அரிமானமா அரிப்பா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பாடநூலின் அரிமானம் வேதிமாற்றத்தை மட்டும் குறிப்பது. இங்கே சுரண்டலும் நடக்கிறது, ஆக்சைடாவதும் நடக்கிறது. மண்ணரிப்பு என்கிறோம், கரையை ஆறு அரித்தது என்கிறோம். தேய்த்து எடுப்பதையும் உலோகம் கெடுவதையும் சேர்த்துத் தாங்குவது அரிப்புதான்.

கையேட்டுக்குத் தேவைப்படும் சில எண்கள்:

36 வோல்ட் தொகுதி என்பது 10 மின்கலங்கள் தொடராக. முழுதாக ஏறினால் 42 வோல்ட். மோட்டாரை இயக்கும் கட்டுப்படுத்திகள் பலவும் 30–31 வோல்ட்டுக்கு இறங்கினால் தம்மை நிறுத்திக்கொள்ளும். பேட்டரி அமரும் தட்டில் இரண்டு முனை, கட்டுப்படுத்திக்குப் போகும் இணைப்பியில் இரண்டு முனை, ஆக நான்கு. நல்ல நிலையில் ஒவ்வொன்றின் தொடுதடையும் 1 மில்லியோமுக்குள் இருக்கும். அசைவரிப்பால் ஒவ்வொன்றும் 25 மில்லியோம் ஆனதாக வைப்போம். 15 ஆம்பியர் இழுக்கும்போது 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும், ஒவ்வொரு முனையிலும் 5.6 வாட் சூடு. ஏற்றத்தில் பேட்டரி 32.2 வோல்ட் தந்தால் கட்டுப்படுத்திக்குப் போய்ச் சேர்வது 30.7, அதாவது நிறுத்தும் எல்லை.

முழு சார்ஜில் இந்த இழப்பு தெரியாது. பாதிக்குக் கீழே வந்த பிறகுதான் வண்டி நிற்கும், சார்ஜ் போட்டதும் சரியாகிவிடும். அதனால் எல்லோரும் பேட்டரியைக் குற்றம் சொல்கிறார்கள். வண்டியிலேயே விலை கூடிய பாகம், தேவையில்லாமல் மாற்றப்படுகிறது. இதற்குத் தனிப்பெயர் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகவே. பில்லில் எழுத ஒரு சொல் இருந்தால்தான் அப்படி ஒரு பழுது இருப்பதாகவே மெக்கானிக்கும் உரிமையாளரும் ஏற்பார்கள்.

பூச்சு பற்றி ஒரு குறிப்பு. ரிச்சி தெருவில் பின்களைத் தனியாக வாங்கும்போது 'தங்க முலாம் போட்டது நல்லது' என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் அதை வாங்கிவிடுகிறார்கள். மறுபக்கம் வெள்ளீயமாக இருந்தால் அது பொன்மீது ஒட்டி அங்கே ஆக்சைடாகும், நிலைமை மோசமாகும். இரு பக்கமும் ஒரே பூச்சாக இருக்க வேண்டும். வெள்ளீய முனைக்கு அழுத்து விசை ஏறக்குறைய 100 கிராம் எடையளவாவது வேண்டும், பொன்னுக்கு அதில் பாதி போதும். மலிவுப் பிரதிகளில் முதலில் குறைவது இந்த விசைதான்.

மயிலாப்பூர்

அம்பத்தூர் அன்பரின் விளக்கத்தை ஏற்கிறேன். அசைவு முற்றியலுகரம் ஆயினும் உகரம் கெட்டு அரிப்போடு புணர இலக்கணம் இடம் தருகிறது. தோல் மருத்துவக் குழப்பமும் கூட்டுச்சொல்லில் வராது. வினையாக வேண்டும்போது 'அசைவரிப்பு ஏறிய முனை', 'அசைவரிப்பு கண்ட முனை' என எழுதலாம். களிம்பையும் விட்டுவிடுகிறேன். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் ஆகாது.

அடையாறு

மகிழ்ச்சி. வேளச்சேரி நண்பரே, ஓட்டத்தில் அளக்கும் முறையை எழுதித் தர முடியுமா? ஓம் அளவையில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுகிறார்கள்.

வேளச்சேரி, பட்டறை

ஓம் அளவையில் கிடைக்காது சார். மீட்டர் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கு, நாம் தேடுவது அதில் பத்தில் ஒரு பங்கு. லோடு ஓடும்போது மில்லிவோல்ட்டில்தான் பார்க்கணும்.

பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். கப்ளரின் பின்பக்கம், சீலுக்கும் ஒயருக்கும் நடுவே மெல்லிய ஊசியை நுழைத்து உலோகத்தைத் தொடவும். ஒயரின் தோலில் குத்தக் கூடாது, அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழையில் தண்ணீர் போகும். இரண்டு ஊசியும் ஒரே பிளஸ் லைனில், கப்ளருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு அதேபோல மைனஸ் லைனில். ஒவ்வொரு ஊசியின் அடியிலேயே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று சால்டர் செய்துகொள்ளவும். டெஸ்ட் ஒயர் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி வராது. மீட்டரின் உள்தடை 10 மெகாஓம், அதனால் அளவு 0.2 சதவீதம்தான் மாறும்.

ஸ்டாண்டில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பயனில்லை, லோடே இல்லை. பிரேக்கைப் பிடித்து லோடு கொடுக்கவும் முடியாது, பல வண்டிகளில் லீவரில் இருக்கிற சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். மீட்டரை ஹேண்டிலில் கட்டி, உச்ச அளவைப் பிடித்துவைக்கிற மேக்ஸ் பட்டனை அழுத்திவிட்டு, மேம்பாலம் ஒன்றில் ஏறணும். 15 மில்லிவோல்ட் சுற்றி வந்தால் நல்லது. 50 தாண்டினால் பிரித்துப் பார்க்கணும். 100 தாண்டினால் இரண்டு பாதியையும் மாற்றணும்.

சென்சார் லைன்களுக்கு இது உதவாது. அங்கே 5 வோல்ட், ஓட்டம் மிகக் குறைவு, அறுபடுவதும் மில்லிநொடிக் கணக்கில். மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தரம்தான் காட்டும். வோல்ட் மாறுவதை வரைந்து காட்டுகிற ஆசிலாஸ்கோப்பை, ஒரு அறுபடலைப் பிடித்ததும் நிற்கிற மாதிரி ஒற்றை டிரிகரில் வைத்துவிட்டு ஒயரை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துப் பார்க்கணும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பூச்சு போய்ச் செம்பு வெளியே வந்துவிட்டால் அந்தப் பின் அடுத்த மழைக்குப் பச்சை பிடிக்கும்.

அடையாறு

நன்றி. இயலில் இவ்வாறு மாற்றியிருக்கிறேன்:

"அசைவரிப்பு: இறுக்கமான இணைப்பியில், முனைகளின் மிகச் சிறிய அசைவால் பூச்சு சுரண்டப்பட்டு, கடத்தாத ஆக்சைடுத் தூள் சேர்ந்து, தொடுதடை உயர்தல். கழற்றி மாட்டினால் நீங்கியதுபோல் தோன்றும், திரும்ப வரும். ஆகவே கழற்றி மாட்டும் முன்பே ஓட்டத்தில் அளந்து எழுதிவைக்கவும்.

நீக்கும் முறை: பேட்டரியைக் கழற்றிய பின், இரு பக்க முனைகளையும் ஒரே பூச்சுள்ள புதியவற்றால் மாற்றவும். பிளையரால் நசுக்காமல், முனையை ஒயரோடு அழுத்திப் பிணைக்க அந்த வகை முனைக்கு உரிய கிரிம்ப் கருவியைப் பயன்படுத்தவும். கிரிம்ப் செய்த இடத்தில் சால்டர் ஏற்ற வேண்டாம், அது இழைகளுக்குள் ஊறிக் கெட்டியாகி, அதன் விளிம்பிலேயே ஒயர் முறியும். முனைகளில் மின்தொடர்புக்கென விற்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவவும். இணைப்பிக்கு இருபுறமும் 5 சென்டிமீட்டருக்குள் ஒயரைச் சட்டத்தோடு டை போட்டுக் கட்டவும். கட்டாமல் விட்டால் புது முனையும் அசைந்து இதே நிலைக்கு வரும்."

பேட்டரித் தட்டின் முனைகளில் பொருத்தும் கணத்தில் பொறி பறந்து குழி விழுவது வேறு பழுது. அதற்கான சொல்லைத் தனி மடலில் கேட்கிறேன்.