பியானோ வகுப்பில் நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: உங்களுக்கும் உண்டா?

தல்லாகுளம் மிஸ்

ஸ்கூல் திறந்த சமயம். ஒன்பது வயசுப் பெண் ஒருத்தியை அழைத்துக்கொண்டு அப்பா, அம்மா இரண்டு பேரும் வந்தார்கள். கையில் லேமினேட் பண்ணிய கிரேடு டூ பியானோ பரீட்சை சர்டிபிகேட். மெரிட். அடுத்து நேராக கிரேடு ஃபோர் எழுத வைக்க முடியுமா என்று கேட்டார்கள். எழுதலாம், முந்தைய கிரேடு கட்டாயம் கிடையாது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பரீட்சைக்கு வாசித்த பாட்டை வாசிக்கச் சொன்னேன். சுத்தமாக வாசித்தாள். சரி என்று செர்னி 599 என்ற பயிற்சிப் புத்தகத்தில் இடது கைக்கு பேஸ் க்ளெஃப் வரும் பக்கம் ஒன்றைத் திறந்து, இடது கை வரியில் கீழிருந்து இரண்டாவது இடைவெளியைக் காட்டி "இது என்ன நோட்டு?" என்றேன். "ஏ" என்றாள். அது சி. தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் க்ளெஃப் குறியையும் உயர்ந்த சுரங்களுக்கான ட்ரெபிள் மாதிரியே படிக்கிறாள். அப்படியானால் இடது கையை எப்படி வாசித்தாய் என்றால், "அந்த மிஸ் விரலைப் பிடிச்சு வைப்பாங்க, நான் ஞாபகம் வச்சுக்குவேன்" என்கிறாள்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். அவள் வாசித்த அதே பாட்டில் ஐந்தாவது பாரில் (தாளக் கட்டத்தில்) விரலை வைத்து, இங்கிருந்து தொடங்கு என்றேன். கையைக் கட்டைமேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். உதடு மட்டும் அசைகிறது. அப்புறம் என்னைப் பார்த்து, "நடுவுலேர்ந்து வராது மிஸ். முதல்லேர்ந்துதான் வரும்" என்றாள்.

வருஷம் முழுக்கப் பரீட்சைக்கான மூன்றே பாட்டு. ஒன்பது வயசுக் குழந்தைக்கு. முதலில் சின்னச் சின்ன ஸ்டடியாக, அதாவது பயிற்சிப் பாட்டாக, நிறைய வாசிக்கட்டும், பரீட்சையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றேன். அவள் அப்பா முகம் மாறிவிட்டது. கிளம்பும்போது அவள் அந்த செர்னியை இன்னொரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டாள். ஆட்டோ நிற்கிறது என்று கூட்டிப் போய்விட்டார்கள். அப்புறம் வரவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

பசுமலை ஆர்கன்

டீச்சர், வருத்தம் புரிகிறது. ஆனால் பழியைப் பரீட்சைமேல் போடாதீர்கள். தேதி ஒன்று இருந்தால்தான் நம் ஊரில் வீட்டுப் பியானோவின் மூடியைத் திறக்கிறார்கள். ட்ரினிட்டி என்கிற தேர்வு அமைப்பில் கிரேடு ஐந்து வரை சைட் ரீடிங் (புது நோட்டைப் பார்த்தவுடன் வாசிப்பது), ஆரல் (காதால் கேட்டுப் பதில் சொல்வது), இம்ப்ரொவைசேஷன் (அங்கேயே கற்பனையாக வாசிப்பது), மியூசிக்கல் நாலெட்ஜ் (இசை அறிவு) என்ற நான்கில் இரண்டை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சைட் ரீடிங் பக்கமே போகாமல் மெரிட்டுக்கான நூற்றுக்கு 75-ஐத் தாண்ட முடியும். இன்னொரு தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மின் ப்ராக்டிகல் தேர்வில் சைட் ரீடிங்கைத் தவிர்க்க முடியாது, 150-இல் 21 மார்க் அதற்குத்தான். ட்ரினிட்டியில் எந்த இரண்டைப் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

என் சம்பவம் வேறு மாதிரி. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஒரு பையன். தாத்தாவிடம் ஆர்மோனியம் கற்றவன், கீர்த்தனைகள் எல்லாம் காதால் பிடிப்பான். முதல் நாள் பியானோவில் உட்கார வைத்தேன். வலது கை அப்படி ஓடுகிறது. இடது கையைப் பார்த்தால், பியானோவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைகிறது. துருத்தி போடுகிறான்! "தம்பி, இதுக்குக் காத்து வேண்டாம்" என்றேன். கையை மடியில் வைத்தான். இரண்டு வரி போனதும் கை தானாக மேலே வந்து மறுபடி துருத்தி போடுகிறது. அவனுக்கே தெரியவில்லை.

அவனுக்கு பேயரின் ஆரம்பப் பாடப் புத்தகம் சரிப்படாது என்று பட்டது. அதில் ரொம்ப தூரம் வரைக்கும் இரண்டு கைக்கும் ட்ரெபிள் க்ளெஃப்தான். பார்ட்டோக் எழுதி, முதல் இரண்டு தொகுதிகளை மகன் பீட்டருக்குச் சமர்ப்பித்த மிக்ரோகாஸ்மோஸ் இருக்கிறதே, 153 உருப்படிகள், அதில் முதல் சில பாட்டுகளில் இரண்டு கையும் ஒரே மெட்டை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) தள்ளி வாசிக்கும். அதைக் கொடுத்தேன். வலது கை பாடுவதையே இடது கையும் பாட வேண்டியிருந்ததால் துருத்திக்கு வேலை இல்லாமல் போனது. இப்போதும் பாட்டு உருக்கமாகப் போனால் அவன் இடது தோள் மட்டும் லேசாக அசையும்.

சுருதிக்காரர்

நான் ஆசிரியன் இல்லை, பியானோ சுருதி சேர்ப்பவன். எழுதலாம்தானே?

கீழவெளி வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு, பழைய அப்ரைட் பியானோ. ஐப்பசி மழை விட்டபாடில்லை. மழைக்காலத்தில் மரமும் உள்ளே இருக்கும் கம்பளித் துணியும் ஈரத்தில் உப்பி, அழுத்திய கட்டை மேலே வராமல் நிற்கும். இந்த ஊரில் சித்திரை, வைகாசியில் காய்ந்து கடகடக்கும், ஐப்பசியில் இறுகும். அங்கே மாட்டிக்கொண்டிருந்தது நடு சி-க்கு மேலே இருக்கும் ஜி.

அந்த வீட்டுச் சிறுமி, வேலையைத் தொடங்குமுன் நான் வாசித்துக் காட்டுகிறேன் தாத்தா என்று ஜி மேஜர் மினுவெட் என்ற நடனப் பாட்டை வாசித்தாள். பாக் என்று எல்லாரும் சொல்கிற பாட்டு. எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட். 1725-இல் தொடங்கிய, பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் அது பாக் பெயரில் போய்விட்டது. அதில் இரண்டாவது பாரில் டி, ஜி, ஜி என்று அதே ஜி இரண்டு தடவை வரும். குழந்தை முதல் ஜி-யை அழுத்தினாள். கட்டை உள்ளேயே நின்றது. பக்கத்து விரலின் நகத்தைக் கட்டையின் நுனிக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு. கட்டை மேலே வந்தது. இரண்டாவது ஜி. தாளம் நூலளவு கூடத் தப்பவில்லை. நாலாவது பாரிலும் அதே மாதிரி.

கட்டையைக் கழற்றி, துணி வைத்த துளையைக் கொஞ்சம் அழுத்தித் தளர்த்தினேன். அரை மணி நேர வேலை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். கட்டை தானாக எழும்புகிறது, அவள் விரல் நெம்பிக்கொண்டே இருக்கிறது. எழும்பிய கட்டையில் நகம் தட்டி இப்போதுதான் தாளம் தப்புகிறது. "முன்னாடி நல்லா இருந்துச்சே தாத்தா" என்றாள்.

சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது ஒரு தடவை பிள்ளைகளின் வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து பாருங்கள். வகுப்பில் விரலைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், வீட்டில் கட்டை வேறு பாடம் நடத்திக்கொண்டிருக்கும்.

இரட்டையர் அம்மா

சுருதிக்காரர் ஐயா சொன்னது எங்கள் வீட்டில் நடந்தது, தலைகீழாக. பெரிய பியானோவுக்கு இடமும் இல்லை, வசதியும் இல்லை. 61 கட்டை கீபோர்டுதான், தொட்டாலே சத்தம் வரும். பையன் பரீட்சைக்கு உள்ளே போனான். வெளியே பெஞ்சில் நான். மென்மையாக, சத்தம் குறைத்து வாசிக்க வேண்டிய இடத்தில் நடுவில் நடுவில் சத்தமே வரவில்லை, ஓட்டை ஓட்டையாகக் கேட்டது. வெளியே வந்தவன் அழவில்லை. விரல்களை நீட்டிப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அந்தப் பியானோ என் விரலைத் திருப்பித் தள்ளுதும்மா" என்றான். பாஸ்தான். ஆனால் அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது தம்பியும் ஆரம்பிக்கிறான்.

அண்ணா நகர் ராகவர்த்தினி

அக்கா, தம்பி ஆரம்பிப்பதற்குள் இதைச் செய்யுங்கள். 88 கட்டை டிஜிட்டல் பியானோ, கட்டாயம் வெயிட்டட் கீ, அதாவது விரலுக்கு எதிர்ப்புக் கொடுக்கிற கனமான கட்டை. கடையில் "டச் சென்சிடிவ்" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள், அது வேறு. டச் சென்சிடிவ் என்றால் அழுத்தும் வேகத்துக்கு ஏற்றபடி சத்தம் கூடும் குறையும், அவ்வளவுதான், விரலுக்கு எதிர்ப்பு இருக்காது. கடையில் கரண்டை அணைக்கச் சொல்லிவிட்டுக் கட்டையை அழுத்திப் பாருங்கள். இடது கோடிக் கட்டை கனமாகவும் வலது கோடி லேசாகவும் இருந்தால் நல்லது. எக்ஸ் மாதிரி மடிக்கிற ஸ்டாண்டு வேண்டாம், ஆடும். முக்கியமானது ஸ்டூல். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும். சாப்பாட்டு நாற்காலியில் தலையணை போட்டு உட்கார வைத்தால் பிள்ளை சரிந்துகொண்டே வாசிக்கும். கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை போடுங்கள், பழைய மணை போதும். ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். புதிது வாங்க முடியவில்லை என்றால், கிளம்பும் மாணவர்களிடம் ஓரிரு வருஷம் வாசித்தது கிடைக்கும், டீச்சரிடம் சொல்லி வையுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். சிம்மக்கல்லிலிருந்து ஒரு குட்டி, ஏழு வயசு. வீட்டில் பாட்டி அவளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் வகுப்பில் வசதிக்காக, சி-யை ச என்று வைத்துக்கொள் என்று சொல்லி, ஐந்து விரலையும் சி, டி, இ, எஃப், ஜி மேல் வைத்து வாசித்துக் காட்டினேன். அவள் முகம் சுளித்தாள். என் விரலைப் பிடித்து டி-யிலிருந்து நகர்த்தி, பக்கத்துக் கறுப்புக் கட்டைமேல் வைத்தாள். "மிஸ், உங்க ரி தப்பு. ரி இங்க இருக்கு" என்றாள். சரளி வரிசை பாடுகிற ராகம், மாயாமாளவகௌளை! அவள் காதில் முதன்முதலாகப் பதிந்த ரி அதுதான்.

அன்றைக்கு என் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவள் ரி-யிலேயே வாசித்தோம். இரண்டாவது விரல் கறுப்புக் கட்டைக்கு ஏறும்போது கை தானாக உள்ளே போய் வளைந்து நின்றது, வெள்ளைக் கட்டையில் அந்த வளைவு வர மாசக்கணக்காகும். ஷோபன் என்ற பியானோ மேதை கூட மாணவர் கையை முதலில் இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்தின்மேல்தான் வைக்கச் செய்தார்.

ஆர்கன் அண்ணே, தேதி இல்லாமல் யாரும் பழக மாட்டார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம், அப்புறம் ஸ்வரஜதி, வர்ணம். இதுவும் படிப்படியான பாடம்தானே? அந்தப் பாட்டி எந்தத் தேதியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்?

பசுமலை ஆர்கன்

பாட்டி தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா. என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் நான். மிச்ச நேரத்துக்கெல்லாம் அந்தத் தேதிதான் பாட்டி.

தல்லாகுளம் மிஸ்

அண்ணே, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நான் பரீட்சையே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். மூன்று பாட்டுக்கும் நடுவில் சின்ன உருப்படிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறேன். பெரிய பையன்களுக்கு பர்க்மூலர் ஓபஸ் 100 என்ற பயிற்சித் தொகுப்பைக் கொடுத்தால் இரண்டாவது உருப்படியான அரபெஸ்குக்காகவே அடித்துக்கொள்கிறார்கள், அந்த ஏ, பி, சி, பி, ஏ விரலில் ஓடும் வேகத்துக்காக. அதைப் பழகச் சொல்லி யாரும் அவர்களைத் துரத்தவில்லை.

மேலூர் மாஸ்டர்

ஒரு வாரமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

பதினோரு வயசுப் பையன், அப்பா விவசாயி. ஷூமன் 1848-இல் எழுதிய ஓபஸ் 68, அவருடைய பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, அதில் பத்தாவது பாட்டைக் கொடுத்தேன். வேலை முடித்துத் திரும்பும் உழவனின் மகிழ்ச்சி என்பது தலைப்பு. மெட்டு இடது கையில், வலது கையில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். இடது கை பாடப் பழக இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. தலைப்பைத் தமிழில் சொன்னேன், கொஞ்சம் துள்ளலாக, வேகமாக வாசிக்க வேண்டும் என்றேன்.

பையன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியாறு கால்வாயில் தண்ணி விட்டு, நடவு நடந்துகொண்டிருந்த சமயம். "சார், எங்கப்பா வயல்லேர்ந்து வந்தா இப்படி வர மாட்டாரு. வந்து திண்ணையில உக்காந்து, காலைத் தூக்கி மேல வைப்பாரு. கொஞ்ச நேரம் பேச மாட்டாரு" என்றான்.

சரி, உங்கப்பா வருகிற மாதிரி வாசி என்று சொல்லிவிட்டேன். பாதி வேகம். இடது கையில் ஒவ்வொரு நோட்டையும் கனமாக, அடி வரை அழுத்தி. வலது கைக் கார்டுகளை இத்தனை நாளாக அடித்துக்கொண்டிருந்தவன், சத்தமே வராத அளவுக்குத் தொட்டு எடுத்தான். இடது கை தனியாகப் பாடியது. அந்தப் பாட்டில் நான் பல மாசமாக அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

ஆனால் எழுதியவர் கேட்டது அந்த வேகம் இல்லை. பரீட்சைப் பட்டியலில் வைத்தால் வேகத்துக்கு மார்க் போகும். வேகமாக வாசிக்க வைத்தால் அந்த இடது கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பு. இங்கே இருக்கும் அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

பசுமலை ஆர்கன்

தம்பி, அந்தப் பாட்டின் எஃப் மேஜர் ஸ்கேல் (சுர வரிசை) எப்படி வாசிக்கிறான்? வலது கையில் நாலாவது விரலுக்கு அப்புறம்தான் கட்டைவிரல் உள்ளே போக வேண்டும், நிறைய பிள்ளைகள் சி மேஜர் பழக்கத்தில் மூன்றிலேயே நுழைத்துவிடுவார்கள். ஸ்கேல் இரண்டு கையிலும் சரியாக இருந்தால் இந்த வருஷம் அவன் வேகத்திலேயே விடுங்கள். பரீட்சைக்கு வேறு பாட்டு வையுங்கள்.

மேலூர் மாஸ்டர்

இடது கையில் சரியாக வருகிறது அண்ணே. வலது கையில் மூன்றில்தான் நுழைக்கிறான். சனிக்கிழமை முதலில் ஸ்கேலைப் பார்த்துவிடுகிறேன்.